காஸ்டிக் தொட்டியில் இறக்கிய பிளாக்

எஞ்சின் பிளாக் கழுவுவதைப் பாத்திரம் கழுவுவதோடு சேர்த்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்ட அதிகாரி ஒருவர், "வீட்டிலும் கழுவினார், இங்கேயும் கழுவினார் எங்கள் லூர்து அம்மா" என்று பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றும்போதுதான் எரிச்சல் ஏறியது.

போன மாதம் அந்தப் பட்டறையில் பழைய காஸ்டிக் தொட்டியை எடுத்துவிட்டு, மூடிய பெட்டி மாதிரி ஒரு கழுவும் மெஷினை வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே வேலை செய்யும் சுமதி போன் செய்தாள். "பட்டன அமுக்குனா அதுவே கழுவுதுக்கா. நீங்கள்லாம் எப்படித்தான் அந்தத் தொட்டியில கெடந்தீங்களோ. எழுதிக் குடுங்களேன், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்றாள்.

மெஷின் வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. முன்பே வந்திருந்தால் என்னோடு வேலை செய்த நாகம்மாவின் இரண்டு கண்ணும் நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓசூரில் நான் வேலை பார்த்தது லாரி, பஸ், டிப்பர் எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் பட்டறை. கிருஷ்ணகிரி பக்கத்துக் கிரானைட் குவாரி வண்டிகள் பாதி, பெங்களூரிலிருந்து வருகிற வண்டிகள் பாதி. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த வார்ப்பட ஆலையை மூடியபோது, கோயிலில் பழக்கமான ஒரு அக்கா சொல்லித்தான் நான் அங்கே சேர்ந்தேன். முதலில் போல்ட்டும் நட்டும் மண்ணெண்ணெயில் போட்டுத் துலக்கினேன். அப்புறம் பிஸ்டன், அப்புறம் ஹெட். பிளாக்கில் கை வைக்க விட்டபோது என் கை நகமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. புதுப்பிக்க வருகிற பிளாக் வெறும் இரும்புக் கட்டி இல்லை. அதன் உடம்புக்குள் தண்ணீர் ஓடுகிற வழி ஒன்று, எண்ணெய் ஓடுகிற வழி ஒன்று. வெளியே பளபளவென்று துடைத்துவிட்டு உள்ளே அழுக்கை விட்டால், அந்த எஞ்சினைப் பிரிக்காமல் விட்டிருந்தாலே தேவலை. பிரிக்கும்போது உதிர்கிற துகள் எல்லாம் எண்ணெய் வழியில்தான் போய்த் தங்கும். ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக அது பேரிங்கைத் தின்னும்.

அதனால் கிராங்க், பிஸ்டன், கேம் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு முதலில் அடைப்புகளைக் கழற்ற வேண்டும். தண்ணீர் வழியை மூடியிருக்கும் வட்டத் தகடுகளைத் தட்டிச் சாய்த்து இடுக்கியால் பிடுங்குவோம். எண்ணெய் வழியின் கோடியில் மரைபோட்ட அடைப்புகள் இருக்கும். அவை வருடக் கணக்கில் வெந்து இறுகிப் போயிருக்கும். கேஸ் விளக்கில் சுற்றிச் சூடேற்றி, மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறவிட்டுத் திருப்பினால் வந்துவிடும். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை நான் பையில் போட்டுக்கொண்டு போவேன்.

அதற்குப் பிறகு கேஸ்கட் ஒட்டியிருந்ததைச் சுரண்டுவது. தகட்டைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், நிமிர்த்தினால் பரப்பில் கோடு விழும். அப்புறம்தான் சங்கிலிக் கப்பியில் கட்டி, காஸ்டிக் சோடா கலந்து கொதிக்கிற தொட்டியில் இறக்குவோம். ஊறி எழும்பி வரும்போது கரியும் பெயின்ட்டும் தோல் உரிந்த மாதிரி வழியும். உடனே வெந்நீரில் அலசி, நீளமான பிரஷ்ஷை எண்ணெய் வழிகளில் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுக்க வேண்டும். தண்ணீர் வழியில் படிந்த உப்பைக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். காற்றடித்து ஒவ்வொரு துளையிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரை மெஷினில் கடைந்து போர் போட்டு வந்த பிறகு மறுபடியும் ஒரு கழுவல் உண்டு. அதற்கு டீசல் உதவாது. டீசல் விட்டால் கடைந்த பொடி இரும்பின் கீறலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். சோப்பும் வெந்நீரும்தான் வேண்டும். தேய்த்து அலசித் துடைத்த பிறகு, வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு சிலிண்டருக்குள் சுற்றிப் பார்ப்போம். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடியும் முதலிலிருந்து. துணி வெள்ளையாக வந்ததும் தாமதிக்காமல் எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு மஞ்சள் கட்டும்.

இதைத்தான் "கழுவுறதுதானே" என்பார்கள்.

ஒரு தடவை குவாரி டிப்பரின் எஞ்சின் ஒன்று, எங்களிடமிருந்து போன வேகத்தில் இறுகித் திரும்பி வந்தது. தலைமை ஃபிட்டர் மாதேஷ் எல்லோர் முன்னாலும், "வாஷிங்ல சரியா பாக்கலீங்க" என்றான். அந்த எஞ்சினில் ஒரு எண்ணெய் அடைப்பு திரும்பாமல் அடம்பிடித்தபோது, "விடுக்கா, அது கெடக்கட்டும், நேரமாச்சு" என்று பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போனதே அவன்தான். பிரித்தபோது அந்த அடைப்புக்குப் பின்னால் களிமண் மாதிரி கிரானைட் தூள் இறுகிக் கிடந்தது. நான் அதைக் கையில் வழித்து அவன் மேசையில் வைத்தேன். அன்றிலிருந்து அடைப்பு கழலாமல் ஒரு பிளாக்கும் எங்களைத் தாண்டிப் போகவில்லை. மாதேஷ் கெட்டவன் இல்லை. மேலே இருந்து அவசரப்படுத்தினால் கீழே தள்ளிவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் இருந்தது, அவனுக்கும் இருந்தது.

மேலே இருந்தவர் தனசேகர் சார், எங்கள் சூப்பர்வைசர். பட்டறை என்றால் கத்துகிற சூப்பர்வைசர்தான் நினைவுக்கு வரும். இவர் கத்த மாட்டார். எங்கள் யாரையும் பெயர் சொல்லி மட்டும் கூப்பிட்டதில்லை, "அம்மா" சேர்த்துத்தான் சொல்வார். சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நம்முடைய நன்மைக்காகவே வந்தவர் மாதிரிப் பேசுவார். கையுறை கிழிந்துவிட்டது என்று போய்ச் சொன்னால், "அடடா, கண்டிப்பா பாக்குறங்கம்மா" என்பார். அவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு மறுபடியும் போய்க் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும். கையுறை மட்டும் வராது. கத்துகிறவனிடமாவது நாம் திருப்பிக் கத்தலாம்.

நாகம்மா பேரிகை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வருவாள். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடமும் தமிழும் கலந்து ஒரு பேச்சு. அதற்கு முன் தக்காளித் தோட்டத்தில் கூடை தூக்கியவள், கை அப்படி ஒரு உறுதி. ஆடுகிற பிளாக்கை ஒரு கையால் நிறுத்திவிடுவாள். வேலை நேரத்தில் அவளுக்கு ஓயாமல் பேச வேண்டும். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதிலிருந்து பஸ் கண்டக்டருக்குக் கல்யாணம் நிச்சயமானது வரை எல்லாம் எங்களுக்குச் சொல்லிவிடுவாள்.

அது நடந்த அன்றைக்கு பெங்களூர்க் கார் ஒன்றின் பிளாக் வந்திருந்தது. அலுமினியம். இரும்பு பிளாக்கைத்தான் காஸ்டிக்கில் போடலாம். அலுமினியத்தைப் போட்டால் காஸ்டிக் அதைத் தின்னத் தொடங்கிவிடும். பால் மாதிரிப் பொங்கித் தெறிக்கும். அதனால் அலுமினியத்துக்கு வேறு தூள், வெதுவெதுப்பான தண்ணீர், கை பிரஷ். நேரம் பிடிக்கும் வேலை. பட்டறையில் இது தெரியாதவர் யாரும் இல்லை. தனசேகர் சாருக்கும் தெரியும். தொட்டிக்கு மேலே அதை எழுதி மாட்டச் சொன்னதே அவர்தான்.

காலையில் கரன்ட் இல்லாமல் வேலை தள்ளிப்போயிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வந்தார்.

"அம்மா, இந்த பிளாக் இன்னைக்குப் போயாகணும். தொட்டியில கொஞ்சம் காட்டி எடுத்துருங்களேன்."

"சார், அது அலுமினியம்" என்றாள் நாகம்மா. "பொங்கும் சார்."

"தெரியும்மா. ஊறப்போடச் சொல்லலையே. சும்மா முக்கி எடுக்குறதுதான்."

"வேணாங்க சார். நாங்க எல்லாரும் சேர்ந்து கையில தேச்சுக் குடுத்துர்றோம்" என்றேன் நான்.

"அதுக்குள்ள கஸ்டமர் வந்து நிப்பாரு. அவருக்கு யார் பதில் சொல்றது, நீங்களாம்மா?" என்று சிரித்தார். நாங்கள் நகரவில்லை. அவர் மாதேஷைக் கூப்பிட்டுச் சங்கிலியில் மாட்டச் சொன்னார். மாதேஷ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டினான். "நாகம்மா, நீங்க பிடிச்சுக்குங்கம்மா. உங்க கைதான் கெட்டி" என்றார் சார்.

கெட்டிக் கை என்பதற்காக அவளை நிறுத்தினார்.

பிளாக் உள்ளே முழுதாக இறங்கக்கூட இல்லை. தொட்டி சீறியது. வெள்ளை நுரை விளிம்புக்கு மேலே எழும்பி வழிந்தது. மாதேஷ் பதறிப் போய்ச் சங்கிலியை வேகமாக இழுத்தான். நுரையோடு எழும்பிய பிளாக் ஆடியது. நாகம்மா பழக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்தக் கை நீட்டினாள். நுரை முகத்தில் அடித்தது.

அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "கண்ணு மண்டுதாந்தி அக்கா, மண்டுதாந்தி" என்று தெலுங்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். கண் எரிகிறது, எரிகிறது என்று.

நான் அவளை இழுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினேன். திறந்தால் காற்று வந்தது. தண்ணீர் லாரி அன்றைக்கு வரவில்லை. அலசுகிற டிரம்மில் எண்ணெய்த் தண்ணீர்தான் இருந்தது. குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்தேன். அவள் இமை இறுக மூடிக்கொண்டது. விரலால் பிரித்துப் பிடித்து ஊற்றினேன். அந்தக் கேன் தீர்ந்ததும், ஆபீஸ் அறையில் இருந்த கேனைத் தூக்கிவரச் சொல்லி அதையும் ஊற்றினேன்.

"போதும்மா, வண்டி நிக்குது" என்றார் சார்.

"இருங்க சார்" என்று சொல்லி, கேன் காலியாகும் வரை ஊற்றினேன்.

வண்டியில் அவர் முன்சீட்டில் இருந்தார். நாகம்மா என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். ரயில்வே கேட் அருகே வண்டி நின்றபோது திரும்பி, அதே மெல்லிய குரலில் சொன்னார்: "அம்மா, ஒரு சின்ன உதவி. வீட்டுல சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லிருங்க. கம்பெனியில நடந்ததுன்னா கேஸ் அது இதுன்னு உங்களுக்குத்தான் அலைச்சல். நாகம்மாவ நாங்க பாத்துக்க மாட்டோமா?"

அப்போது எங்கள் யாருடைய பெயரும் தொழிலாளர் காப்பீட்டில் இல்லை. அது வெளியே வந்துவிடுமே என்பதுதான் அவருடைய கவலை. நாகம்மாவின் கை என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் இருந்தார். "என்ன பட்டுச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் சார் சொல்லிவிட்டார்: "சுடுதண்ணி டாக்டர். வீட்டுல."

டாக்டரம்மா நாகம்மாவிடம் குனிந்து கேட்டார். அவள் தெலுங்கில் எரிகிறது என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லும் நிலையில் இல்லை. டாக்டரம்மா நர்ஸிடம் களிம்பு எடுக்கச் சொன்னார்.

"சுடுதண்ணி இல்லீங்க. காஸ்டிக் சோடா. கொதிச்சுக்கினு இருந்த தொட்டி. எஞ்சின் கழுவுறது" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்லயே சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, களிம்பைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லி, பாட்டில் பாட்டிலாக உப்புநீரைக் கண்ணில் விடத் தொடங்கினார். காஸ்டிக் மிச்சம் இருக்கிறதா என்று நடுநடுவே ஒரு சிறு தாளைக் கண்ணோரம் தொட்டு நிறம் பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடியும் விடுவார். பிறகு என்னை வெளியே அழைத்து, "சுடுதண்ணின்னு நெனச்சு மருந்து வச்சுக் கட்டியிருந்தா, உள்ள இருக்கற காஸ்டிக் தின்னுக்கிட்டே போயிருக்கும். ரெண்டு கண்ணும் போயிருக்கும்" என்றார்.

வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. சார் அன்று தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னது இது: "அவசரப்பட்டுட்டீங்களேம்மா."

ஒரு மனுஷியின் கண் போய்க்கொண்டிருக்கும்போது, அவசரப்பட்டது நானாம்.

பட்டறையில் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். தனசேகர் சார் சொன்னார், நாகம்மா பிளாக்கைச் சரியாகப் பார்க்காமல் தானே இறக்கிவிட்டாள் என்று. பாவம், நல்ல தொழிலாளி, கவனம் பிசகிவிட்டது என்று வருத்தப்பட்டும் பேசினார். நான் நடந்ததைச் சொன்னேன். மாதேஷைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னங்க. பாக்கல" என்றான். சங்கிலியை இழுத்தவன் சொன்ன பதில் அது. நாகம்மாவை இனி வேலைக்கு எடுக்க முடியாது, ஒரு கண்ணோடு மெஷின் பக்கம் நிற்பது ஆபத்து என்று முடித்தார்கள். அவள் பாதுகாப்பைப் பற்றி அவர்களுக்கு அன்றைக்குத்தான் அக்கறை வந்தது.

மறுநாள் கழுவுமிடத்திலிருந்த மற்ற இரண்டு பெண்களும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். வேலைக்கு வந்தோம். வருகை அட்டை போட்டோம். தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தோம். பிளாக்கைத் தொடவில்லை.

"நாகம்மா வராம நாங்க தொட மாட்டோங்க" என்று சாரிடம் சொன்னேன்.

"உங்க விருப்பம்மா" என்று புன்னகைத்துவிட்டுப் போனார். கழுவுகிறவர்கள் இல்லாமல் என்ன நின்றுவிடும் என்று நினைத்திருப்பார்.

எல்லாம் நின்றது. பிரித்த பிளாக்குகள் வாசல் வரை வரிசை கட்டின. போரிங் மெஷின் சும்மா இருந்தது. குவாரிக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். மாதேஷும் இன்னொரு ஃபிட்டரும் தாங்களே கழுவுகிறோம் என்று டீசலும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மாதேஷ் வெள்ளைத் துணியை சிலிண்டரில் விட்டு எடுத்தான், கறுப்பாக வந்தது. மறுபடியும் தேய்த்தான். மறுபடியும் கறுப்பு. துணியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து என்னிடம் வந்தான்.

"அக்கா, அன்னைக்கு நான் பாத்தேன்."

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற? நானும்தான் பாத்தேன். மொதலாளிகிட்ட சொல்லு."

"வேல போயிருமேக்கா."

"அவளுக்குப் போனது வேல மட்டுமா?"

முதலாளி பெங்களூரில் இருந்தார், எப்போதாவதுதான் வருவார். வாசலில் பிளாக்குகள் குவிந்த செய்தி கேட்டு அந்த வாரமே வந்தார். மாதேஷ் போய்ச் சொன்னான். என்னையும் கூப்பிட்டார்கள். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். நாகம்மாவை ஸ்டோர் ரூம் வேலையில் சேர்ப்பதாகவும், எங்கள் எல்லோரையும் காப்பீட்டில் பதிவதாகவும், தொட்டிக்கு மூடியும், எங்களுக்குக் கண்ணாடியும் கையுறையும், எப்போதும் தண்ணீர் வருகிற தனிக் குழாயும் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். சொன்னபடியே செய்தார், அதை மறைக்கக் கூடாது.

"இன்னொண்ணுங்க. தப்பு நாகம்மா மேல இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றேன்.

"அத மட்டும் விடுங்கம்மா" என்றார் முதலாளி. "நடந்தது நடந்துபோச்சு. அவரும் குடும்பக்காரர்."

நாகம்மா என்ன, குடும்பம் இல்லாதவளா என்று கேட்டேன். அதற்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாகம்மா திரும்ப வந்தாள். ஸ்டோரில் பேரிங்குகளைக் கையால் தடவியே அளவு சொல்லுமளவுக்குப் பழகிவிட்டாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. மாதேஷ் கொஞ்ச காலத்தில் காவேரிப்பட்டினத்தில் சொந்தமாகக் கடை வைத்துக்கொண்டு போனான். தனசேகர் சார் மேலே மேலே போய் மேனேஜரானார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. ஷெட்டில் நாற்காலி போட்டுத் திரை கட்டியிருந்தார்கள். ஒடிசா, பீகார்ப் பையன்கள் வரை எல்லோரையும் உட்கார வைத்தார்கள். பேசியது தனசேகர் சார். திரையில் மூடி இல்லாத காலத்துத் தொட்டியின் படம் வந்தது. "நம்ம பட்டறையிலயே நடந்த சம்பவம் இது. ஒரு சகோதரி, பேர் வேண்டாம். அவசரத்துல அலுமினியம் பிளாக்கத் தொட்டியில போட்டுட்டாங்க. ஒரு நிமிஷக் கவனக்குறைவு, ஒரு கண்ணு போச்சு" என்றார். குரலில் அவ்வளவு இரக்கம்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகம்மா எழுந்தாள்.

"சார், அந்தப் பேர் நாகம்மா. நான்தான். நான் போடல. வேணாம், பொங்கும்னு சொன்னேன். நீங்க போடச் சொன்னீங்க."

சார் தலையைச் சாய்த்தார். "உக்காருங்கம்மா. அப்புறம் தனியாப் பேசலாம்."

"தனியா வேணாம் சார். எல்லாரும் இருக்காங்க, இங்கயே சொல்லுங்க."

நானும் எழுந்தேன். "நானும் அங்க இருந்தேன் சார்" என்றேன். வேறு யாரும் எழவில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் எங்களைப் பார்க்காமல் அடுத்த படத்துக்குப் போனார். தீயணைக்கும் சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று விளக்கினார். அதற்கடுத்த படத்துக்கும் போனார். நாகம்மா உட்காரவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை. பின்வரிசைப் பையன்கள் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடியும் வரை நின்றோம்.

முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சார் எங்களிடம் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "டீ குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

நாகம்மா நல்ல கண்ணால் அவரை நேராகப் பார்த்தாள். "இன்னும் பதில் வரல சார்" என்றாள்.

அவர் டீ தருகிற பையனிடம் எங்களுக்கு இரண்டு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அதை வாங்கவில்லை. கூட்டத்துக்கு வந்ததற்கான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் ஸ்டோருக்கும் நான் கழுவுமிடத்துக்கும் வேலைக்குத் திரும்பினோம்.